நடுவில் ஒரு பொட்டாசியம்

திரை முழுக்கக் கறுப்பு. அதன் நடுவே மஞ்சள் பட்டையாக ஓர் இழை வளைந்து, மடிந்து, மறுபடி வளைந்து நிற்கிறது. ஆய்வு மாணவி மௌஸை இழுக்க உருவம் மெல்லச் சுழல்கிறது. பக்கவாட்டில் பார்த்தால் ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று தளங்கள். மேலிருந்து பார்த்தால் ஒரு சதுரம். தளங்களுக்கு இடையே ஊதா நிறத்தில் இரண்டு உருண்டைகள். அவர் கண் அந்த இரண்டின் மேல்தான் இருக்கிறது.

இது சென்னையில் ஓர் ஆய்வுக்கூடம். சோதனைக்குழாய் இல்லை, ரசாயன வாசனை இல்லை. மேசைகள், கணினிகள், ஒரு வெள்ளைப் பலகை, அவ்வளவுதான். பக்கத்து அறைக் கதவை யாராவது திறந்தால் சர்வர்களின் இரைச்சலும் ஏசிக் குளிரும் சேர்ந்து வெளியே வருகின்றன. நான் சுவரோரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். எதையும் கேட்பதில்லை என்று முடிவுசெய்துகொண்டுதான் வந்தேன். கேட்டால் எனக்காகப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். நான் பார்க்க வந்தது அவர்கள் வேலை செய்வதை.

டி.என்.ஏ. என்றதும் நம் எல்லோர் மனதிலும் வருவது 1953இல் வாட்சனும் கிரிக்கும் காட்டிய இரட்டைச் சுருள். வலப்பக்கமாக முறுக்கிய இரண்டு இழைகள், ஏ-க்கு டி, ஜி-க்கு சி. பாடப்புத்தக அட்டை தொடங்கி மருந்துக் கம்பெனி விளம்பரம் வரை அதே படம்தான். திரையில் இருக்கும் உருவம் அதில் எதற்கும் பொருந்தவில்லை. இதில் இருப்பது ஒரே இழை. அதுவே நாலாக மடிந்து தனக்குத் தானே தூணாக நிற்கிறது. இதற்கு ஜி-குவாட்ருப்ளெக்ஸ் என்று பெயர். ஜி எனப்படும் குவானினுக்கு, சி-யோடு சேரும் விளிம்பைத் தவிர இன்னொரு விளிம்பும் உண்டு. அந்த இரண்டாவது விளிம்பையும் பயன்படுத்தி நான்கு குவானின்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டால் ஒரு சதுரத் தளம் கிடைக்கும். அதில் எட்டு ஹைட்ரஜன் பிணைப்புகள். குவானிலிக் அமிலக் கரைசல் ஏன் கூழாகக் கெட்டிப்படுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்த கெல்லர்ட், லிப்செட், டேவிஸ் ஆகியோர் அமெரிக்காவில் 1962இலேயே இந்தச் சதுரத்தைக் கண்டு சொல்லிவிட்டார்கள். இரட்டைச் சுருளின் புகழில் அது வெகுகாலம் கவனிக்கப்படாமலே கிடந்தது.

மாணவியின் மேசையில் ஒரு கோடு போட்ட நோட்டு. கணினியில் செய்வதையெல்லாம் கையாலும் எழுதி வைக்கிறார். திறந்திருக்கும் பக்கத்தின் தலைப்பில் 22 எழுத்துகள்: ஏஜிஜிஜி, அதன்பின் டிடிஏஜிஜிஜி மூன்று முறை. நம் ஒவ்வொரு குரோமோசோமின் முனையிலும் டெலோமியர் என்ற பகுதி இருக்கிறது. அங்கே டிடிஏஜிஜிஜி என்ற இந்த ஆறெழுத்துதான் ஆயிரக்கணக்கான எழுத்துகளுக்கு நீண்டுகொண்டே போகும். கடைசி நூறு, இருநூறு எழுத்துகளுக்கு எதிர் இழை கிடையாது. துணையில்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த நுனிதான் இப்படி மடிந்துகொள்ளக்கூடியது. அவர் எடுத்துக்கொண்டிருக்கும் உருவம் 2002இல் லண்டனில் பார்க்கின்சன், லீ, நீடில் மூவரும் படிகமாக்கி, எக்ஸ் கதிரில் கண்டது. தளங்கள் நடுவில் அடுக்காக இருக்க, மூன்று டிடிஏ வளையங்களும் காற்றாடி இறக்கைகளாகப் பக்கவாட்டில் விரிந்திருக்கின்றன.

அந்த ஊதா உருண்டைகள் பொட்டாசியம் அயனிகள். ஒவ்வொரு குவானினும் ஓர் ஆக்சிஜனை உள்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு தளத்துக்கு நான்கு, இரண்டு தளங்களுக்கு இடையில் எட்டு. எல்லாம் எதிர்மின் சாயல் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். நடுவில் ஒரு நேர்மின் அயனி வந்து உட்கார்ந்தால்தான் எட்டும் அடங்கும். இதை ஒரு டிபன் கேரியர் என்று வைத்துக்கொள்ளலாம், அடுக்குகளைப் பிடிக்கும் கம்பி மட்டும் வெளியே இல்லாமல் உள்ளே இருக்கிறது. பொட்டாசியத்தின் அளவு இரண்டு தளங்களுக்கு நடுவே கச்சிதமாகப் பொருந்துகிறது. சோடியம் சற்றுச் சிறியது. அது தளத்தின் சமமட்டத்துக்குள்ளேயே நுழைந்து நின்றுவிடக்கூடும். நம் செல்லுக்குள் அதிகம் இருப்பது பொட்டாசியம்தான்.

"அக்கா, ஓடிக்கிட்டிருக்க பாக்ஸோட சார்ஜ ஒரு தடவ பாத்துருங்க."

எம்.எஸ்ஸி. ப்ராஜெக்ட் செய்யும் பையன். பேச்சில் திருநெல்வேலி. மாணவி நாற்காலியை உருட்டிக்கொண்டு அவன் பக்கம் போகிறார்.

"எத்தன பொட்டாசியம் போட்ட?"

"பத்தொம்பது."

"ஏன் பத்தொம்பது?"

"22 எழுத்துக்கு நடுவுல 21 பாஸ்பேட்டு. மைனஸ் 21. உள்ள ரெண்டு பொட்டாசியம் ஏற்கெனவே இருக்கு. மிச்சம் 19."

"சரி. அந்த இன்னொரு சிஸ்டத்துக்கு?"

அவன் திரையைப் பார்க்கிறான். "அதுல உள்ள ரெண்டையும் எடுத்தாச்சு. அப்ப 21. எல்லாம் வெளிய."

அவர் தலையை மட்டும் அசைக்கிறார். இந்த இரண்டாவது சிஸ்டம்தான் இன்றைய வேலை. உள்ளே இருக்கும் இரண்டு அயனிகளையும் எடுத்துவிட்டு, வெற்று நடுப்பகுதியோடு ஓடவிட்டால் கட்டுமானம் என்ன ஆகிறது என்று பார்ப்பது. செல்லுக்குள் போய் ஒரே ஒரு மூலக்கூறின் நடுவிலிருந்து இரண்டு அயனிகளை யாராலும் பிடுங்கிவிட முடியாது. கணினியில் இரண்டு வரியை அழித்தால் போதும்.

ஓடவிடுவது என்றால் என்ன நடக்கிறது என்று அந்தப் பையனின் விரல்களைப் பார்த்தே ஓரளவு புரிந்துகொள்ள முடிகிறது. டி.என்.ஏ.யில் ஏறத்தாழ 700 அணுக்கள். அதைச் சுற்றி ஒரு பெட்டி. பெட்டி நிறைய 5,000 நீர் மூலக்கூறுகள். ஆக, கணக்குப் போட வேண்டிய அணுக்களில் பெரும்பகுதி தண்ணீர்தான். முதலில் முட்டிக்கொண்டிருக்கும் அணுக்களைத் தளர்த்திவிடுகிறார்கள். பிறகு அறை வெப்பநிலைக்குச் சூடேற்றுகிறார்கள். பிறகு அழுத்தத்தைச் சரிசெய்து நிலைப்படுத்துகிறார்கள். அதற்கப்புறம்தான் உண்மையான ஓட்டம். ஒவ்வோர் அணுவின் மீதும் மற்றவை செலுத்தும் விசையைக் கணக்கிட்டு, நியூட்டனின் விதிப்படி எல்லாவற்றையும் ஓர் அடி நகர்த்த வேண்டும். மறுபடி விசை, மறுபடி ஓர் அடி. ஓர் அடிக்கு இரண்டு ஃபெம்டோ வினாடி. ஒரு வினாடியைக் கோடியால் வகுத்து, வந்ததை மறுபடி கோடியால் வகுத்து, அதையும் பத்தால் வகுத்தால் கிடைப்பது ஒரு ஃபெம்டோ வினாடி. ஒரு மைக்ரோ வினாடி ஓட்டத்துக்கு இப்படி 50 கோடி அடிகள். நல்ல கிராபிக்ஸ் கார்டு இருந்தாலும் நாள்கணக்கில் ஓடும்.

இந்த முறையில் ஒரு திரவத்தை முதன்முதலில் உருப்படியாகக் கணக்கிட்டுக் காட்டியவர் ஐதராபாத்தில் பிறந்த அனீசுர் ரஹ்மான். 1964இல் அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடத்தில், அன்றைய பெரிய கணினி ஒன்றில், 864 ஆர்கான் அணுக்களை வைத்துச் செய்தார். டி.என்.ஏ.க்கு இந்த முறை வந்து சேர 1983 ஆயிற்று. மைக்கேல் லெவிட் அப்போது ஓட்டிய இரட்டைச் சுருளைச் சுற்றித் தண்ணீரே கிடையாது, ஓட்டமும் பிகோ வினாடிக் கணக்குதான். தண்ணீரும் அயனியும் சேர்த்து ஓட்டியபோது வேறு தொல்லை வந்தது. மின்விசை தொலைதூரம் வரை செல்வது. கணினிக்குத் தாங்காது என்று ஒரு தூரத்துக்கு மேல் வெட்டிவிட்டுக் கணக்குப் போட்டார்கள். டி.என்.ஏ. சிதைந்துபோனது. அந்தத் தொலைதூர விசையை வெட்டாமல் கணக்கிட 1993இல் டார்டென், யார்க், பெடர்சன் மூவரும் ஒரு வழி சொன்னார்கள். அதன் பிறகுதான் டி.என்.ஏ. கணினிக்குள் குலையாமல் நின்றது.

மாணவி தன் இடத்துக்குத் திரும்பிவிட்டார். உள்ளே அயனி இல்லாத சிஸ்டத்தின் முதல் ஓட்டம் ஏற்கெனவே கொஞ்சம் முடிந்திருக்கிறது. அதைத் திறக்கிறார். இங்கே இதற்கு டிராஜெக்டரி என்று பெயர். சினிமா மாதிரி ஓட்டிப் பார்க்கலாம், ஆனால் அவர் ஓட்டவில்லை. அம்புக்குறி விசையைத் தட்டித் தட்டி ஒவ்வொரு ஃபிரேமாக நகர்கிறார்.

முதலில் ஒன்றும் நடப்பதாகத் தெரியவில்லை. பிறகு மேல்தளம் லேசாக நெளிகிறது. நான்கு குவானின்களில் ஒன்று தன் மூலையைத் தூக்குகிறது. உள்ளே நீட்டிக்கொண்டிருந்த ஆக்சிஜன்கள், அடக்குவதற்கு யாரும் இல்லாமல், ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. சதுரம் அகன்று சாய்சதுரம் ஆகிறது. அவர் ஒரு கட்டளையைத் தட்ட, அதுவரை மறைத்து வைத்திருந்த தண்ணீரில் நடுப்பகுதிக்கு அருகில் இருப்பவை மட்டும் தெரிகின்றன. ஒரு நீர் மூலக்கூறு உள்ளே வந்திருக்கிறது. பின்னாலேயே இன்னொன்று. நடுவில் வெற்றிடம் இருந்தால் தண்ணீர் சும்மா விடுவதில்லை.

இன்னும் சில தட்டல்கள். பெட்டியின் மூலையில் திரிந்துகொண்டிருந்த ஒரு பொட்டாசியம் மேல்தளத்தின் அருகே வருகிறது. வருகிறது, விலகுகிறது, மறுபடி வருகிறது. அதைச் சுற்றி ஆறேழு நீர் மூலக்கூறுகள். தளத்தின் வாயருகே அது நிற்கும்போது அந்த நீரில் ஒன்று கழன்று போகிறது. பிறகு இன்னொன்று. கழன்ற ஒவ்வொரு நீரின் இடத்தையும் குவானினின் ஓர் ஆக்சிஜன் பிடித்துக்கொள்கிறது. அடுத்த ஃபிரேமில் அயனி தளத்தின் நடு ஓட்டையில் இருக்கிறது. அதற்கடுத்ததில் உள்ளே. ஏற்கெனவே உள்ளே நுழைந்திருந்த நீர் கீழ்வழியாக வெளியேறுகிறது. நெளிந்திருந்த மேல்தளம் நிமிர்கிறது.

என் மூச்சு நின்றுபோனது போலிருந்தது. படிகத்தில் எக்ஸ் கதிர் காட்டியது முடிந்துபோன ஒரு நிலையை. அந்த நிலைக்கு ஓர் அயனி எந்த வாசல் வழியாக, எதை உதிர்த்துவிட்டு வந்து சேர்ந்தது என்பதை இப்படி ஒரு திரையில்தான் அடியடியாகப் பின்தொடர முடியும். இதற்காகத்தான் மனிதர்கள் அறுபது வருஷமாக இந்தக் கணக்கோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள் என்று தோன்றியது.

பையன் எப்போது எழுந்து வந்தான் என்று தெரியவில்லை. அவர் தோளுக்குப் பின்னால் நிற்கிறான்.

"அக்கா, உள்ள போயிருச்சு!"

"ம்."

"பேப்பர்ல போட்டுரலாமா?"

"இது எத்தனாவது ரன்?"

"மொதல்."

"ஒரு தடவ போச்சுன்னா அது சம்பவம். இன்னும் ரெண்டு ரன் ஓடட்டும். வேற வேற ஸீட் போட்டு."

ஸீட் என்பது அணுக்களின் தொடக்க வேகங்களைத் தீர்மானிக்கும் எண். அவன் முகம் கொஞ்சம் வாடுகிறது. அவர் அதைக் கவனித்துவிட்டு நாற்காலியைத் திருப்பி, ஒரு காகிதத்தை இழுத்து, சர்க்கரை பாஸ்பேட் முதுகெலும்பை வரைந்து காட்டுகிறார். கணினிக்கு எந்த அணு எதை எவ்வளவு ஈர்க்கும், எந்தப் பிணைப்பு எவ்வளவு திரும்பும் என்று எதுவும் தானாகத் தெரியாது. அதையெல்லாம் எண்களாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஃபோர்ஸ் ஃபீல்டு என்பது அதுதான். 1990களில் எழுதிய எண்களை வைத்து உலகமே டி.என்.ஏ.வை ஓட்டிக்கொண்டிருந்தது. சில நானோ வினாடி ஓட்டங்களில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. கணினிகள் வேகமாகி, பத்து நானோ வினாடியைத் தாண்டி ஓட்டியபோது, முதுகெலும்பின் இரண்டு கோணங்கள் புரண்டுபோய்த் திரும்பி வரவே இல்லை. சுருளின் முறுக்கு அவிழ்ந்துகொண்டே போனது. குறை டி.என்.ஏ.யில் இல்லை, எண்களில் இருந்தது. 2007இல் பார்சிலோனா குழுவினர் முன்னின்று அதைத் திருத்தினார்கள். டி.என்.ஏ.வுக்கு இடப்பக்கமாக முறுக்கிய ஒரு வடிவமும் உண்டு; அதற்கான எண்களை 2015இல் செக் நாட்டின் பெர்னோ, ஓலமோட்ஸ் ஆய்வாளர்கள் திருத்தினார்கள்.

"அதனால நம்ம பாக்குறது டி.என்.ஏ.வா, ஃபோர்ஸ் ஃபீல்டான்னு ஒவ்வொரு தடவையும் கேக்கணும். சரியா?"

"சரிக்கா."

"இங்க பாரு." முதல் சிஸ்டத்தை, அதாவது உள்ளே அயனிகளோடு ஓடியதை, மறுபடி திறக்கிறார். குவானின்களுக்கு இடையே உள்ள ஹைட்ரஜன் பிணைப்பைப் பெரிதாக்குகிறார். ஓர் ஆக்சிஜனை இரண்டு ஹைட்ரஜன்கள் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. "படிகத்துல இப்படி இல்ல. இந்த ஃபோர்ஸ் ஃபீல்டுல ஜி-குவாட்ருப்ளெக்ஸ் ஓட்டினா இது வரும், பெர்னோக்காரங்க எழுதியிருக்காங்க. அயனி பக்கத்துல வந்தா ஆக்சிஜனோட எலெக்ட்ரான் கொஞ்சம் நகரும்ல? இதுல அந்தக் கணக்கே கிடையாது."

நான் நிறைய ஆய்வாளர்களைப் பார்த்ததில்லை. ஆனால் ஒரு கண்டுபிடிப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது அதை எட்டித் தள்ளி வைத்துவிட்டு, இது பொய்யாக இருக்க எத்தனை வழி உண்டு என்று எண்ணுகிற ஒருவரைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது பெரிய விஷயம். அந்தச் சந்தேகம்தான் இந்த அறையின் உண்மையான கருவி என்று நினைக்கிறேன். கிராபிக்ஸ் கார்டு அதற்கு அடுத்ததுதான்.

பையன் தேநீர் வாங்கப் போகிறான். எனக்கும் ஒன்று என்று சைகையால் சொல்கிறேன்.

வெள்ளைப் பலகையில் பல நாள் அழிக்கப்படாத படங்கள். ஒரு மூலையில் மூன்றிழை. 1957இல் பெல்சென்பெல்டும் டேவிஸும் ரிச்சும் கண்டது. இன்னொரு மூலையில் சைட்டோசின்கள் விரல் கோத்தது போன்ற ஐ-மோட்டிஃப். அதன் ஒவ்வொரு இணைக்கும் ஒரு கூடுதல் புரோட்டான் வேண்டும். வழக்கமான ஓட்டத்தில் அது தானாக வந்து போகாது, எந்த சைட்டோசினில் வைப்பது என்று ஆய்வாளரே முடிவுசெய்து வைக்க வேண்டும். அதனால்தானோ என்னவோ, அந்தப் படத்துக்குப் பக்கத்தில் பெரிய கேள்விக்குறி போட்டிருக்கிறார்கள். நடுவில் இடமுறுக்கு டி.என்.ஏ., முதுகெலும்பு கோணல்மாணலாகப் போவதால் இசட் என்று பெயர் பெற்றது. 1979இல் அலெக்சாண்டர் ரிச்சின் குழு அமெரிக்காவில் அதைப் படிகத்தில் கண்டது. உலகத்துக்கே அதிர்ச்சி. சிஜிசிஜிசிஜி என்ற ஆறெழுத்துத் துண்டு, எல்லோரும் எதிர்பார்த்ததற்கு நேர் எதிராக முறுக்கியிருந்தது.

இந்தப் படத்தின் முன்னால் நான் அதிக நேரம் நின்றேன். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1976இல், இடமுறுக்கும் சாத்தியம்தான் என்று பெங்களூரிலிருந்து ஒரு குரல் எழுந்திருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனின் மாணவராக இருந்து, புரதங்களுக்கான புகழ்பெற்ற ராமச்சந்திரன் வரைபடத்தில் அவரோடு உழைத்த வி. சசிசேகரனின் குரல். வலமுறுக்கும் இடமுறுக்கும் மாறிமாறி வரும் மாதிரி ஒன்றை அவரும் பட்டாபிராமனும் முன்வைத்தார்கள். அதே காலத்தில் நியூசிலாந்திலும் ஒரு குழு தனியாக அப்படியொன்றைச் சொன்னது. மொத்த டி.என்.ஏ.வும் அப்படித்தான் இருக்கும் என்ற கருத்து நிற்கவில்லை. வலமுறுக்குச் சுருளே வென்றது. ஆனாலும் எது முடியும், எது முடியாது என்பதை அணுக்களின் கோணங்களைக் கணக்கிட்டே கேட்ட அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன். நெடுங்காலம் கழித்து, 2015இல், ஐதராபாத் ஐஐடி ஆய்வாளர்கள் கணினி ஓட்டத்தில் ஒன்றைக் காட்டினார்கள். ஹன்டிங்டன் நோயில் சிஏஜி என்ற மூன்றெழுத்து அளவுமீறிப் பெருகுகிறது. அந்தத் துண்டு தன்மேலேயே மடிந்தால் ஏ-க்கு எதிரே ஏ வந்து நிற்கும். அந்தப் பொருந்தாத இணை தன்னைச் சுற்றியிருக்கும் சுருளை இடப்பக்கம் திருப்பிவிடக்கூடும் என்பது அவர்கள் கண்டது.

தேநீர் வந்துவிட்டது. பையன் தன் சொந்த ப்ராஜெக்டைத் திறக்கிறான். அதே மூன்று தளங்கள். மேல்தளத்தின் தலையில் தட்டையான ஒரு சிறு மருந்து மூலக்கூறு படுத்திருக்கிறது. புற்றுநோய் செல்களில் பத்தில் எட்டு ஒன்பது, டெலோமியரை நீட்டிக்கொண்டே போகும் டெலோமரேஸ் என்ற நொதியை நம்பி வாழ்கின்றன. அந்த நுனி இப்படி மடிந்துவிட்டால் நொதிக்கு எளிதில் பிடி கிடைப்பதில்லை. மடிந்ததை அவிழவிடாமல் ஒரு மருந்து பிடித்து வைக்குமா என்பது 1990களிலிருந்தே கேட்கப்படும் கேள்வி. இந்த உருவங்கள் மனித செல்லுக்குள் உண்மையிலேயே இருக்கின்றனவா என்ற ஐயம் அப்போது பலருக்கு இருந்தது. 2013இல் கேம்பிரிட்ஜில் சங்கர் பாலசுப்பிரமணியனின் குழு, இந்த வடிவத்தை மட்டுமே பற்றும் ஆன்டிபாடி ஒன்றைக் கொண்டு மனித செல்லின் கருவில் அவற்றைப் புள்ளி புள்ளியாக ஒளிர வைத்துக் காட்டியது. அவர் பிறந்தது சென்னையில்.

மாணவி தன் நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார். இப்போது வளையங்களைப் பார்க்கிறார் போலும். திரையில் டிடிஏ பகுதி மட்டும் பெரிதாகத் தெரிகிறது. தளங்கள் அசையாமல் நிற்க, வளையங்கள் ஓயாமல் அலைகின்றன. ஒரு தைமின் வெளியே நீள்கிறது, மடங்குகிறது, பக்கத்து அடினின் மேல் சாய்கிறது, உடனே எழுகிறது. இந்தப் பகுதியைப் பற்றி அவர் ஒரு வரிகூட நம்பிக்கையாக எழுதவில்லை என்பதைப் பார்க்கிறேன். "வளையம் - இப்போதைக்கு எதுவும் சொல்வதற்கில்லை" என்று எழுதி அடிக்கோடிடுகிறார்.

அவர் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. இதே 22 எழுத்து 1993இல் சோடியக் கரைசலில் வேறு உருவம் காட்டியது. வளையங்கள் பக்கவாட்டில் விரியாமல், தளங்களின் மேலும் கீழுமாகச் சென்றன; அந்த உருவத்துக்கு பாஸ்கெட் என்று பெயர். பொட்டாசியக் கரைசலில், சற்றே மாற்றிய நுனிகளோடு, 2006 வாக்கில் இரண்டுக்கும் இடைப்பட்ட கலப்பு உருவங்கள் கிடைத்தன. நடுவிலிருக்கும் எழுத்துகள் மாறவில்லை. உருவம் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது. விரித்த இழை ஒன்று இப்படி மடிந்து முடிக்க மில்லி வினாடியிலிருந்து நிமிடங்கள் வரை ஆகும். இவர்களால் பார்க்க முடிவது மைக்ரோ வினாடிகள். அதனால் மடிந்த ஒன்றை எடுத்துக்கொண்டு, அது எங்கே தளர்கிறது, எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று பார்க்கிறார்கள்.

"அக்கா, ரெண்டு ஸீட்டும் மாத்திப் போட்டுட்டேன். வேற ஏதாச்சும் போடணுமா?"

"பொட்டாசியத்துக்குப் பதிலா சோடியம் வச்சு ஒண்ணு போடு."

"இதே ஸ்ட்ரக்சரா?"

"இல்ல, 93ல வந்தது. பாஸ்கெட். அதுலயும் உள்ள இருக்கிறத எடுத்துட்டு ஒண்ணு, வச்சு ஒண்ணு."

"மூணு மூணு ரன்னா?"

"மூணு மூணு."

அவன் கணக்குப் போடுகிறான். விரல் விட்டு எண்ணி முடித்துத் தட்டச்சு செய்கிறான். க்யூவில் அவர்களுக்கு முன்னால் நான்கு ஜாப் நிற்கின்றன; முதலாவது நாளை மதியம்தான் முடியும் என்று திரை சொல்கிறது.